பந்தயத்தில் பார்த்ததும் பாதையில் ஓட்டியதும்: மூன்று ஸ்னோமொபைல்கள்

பனிமீது ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைல் வாங்கப் போகும் எவரும் முதலில் கேட்பது அதன் குதிரைத்திறனைத்தான். அதுவும் ஒரு பந்தயத்தை நேரில் பார்த்துவிட்டு நேரே விற்பனைக்கூடத்துக்குப் போகிறவருக்கு வேறெந்தக் கேள்வியும் தோன்றாது. கடந்த பிப்ரவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள வால்கூர் என்னும் சிற்றூரில் நான்கு நாள் தங்கினேன். முதல் இரண்டு நாள் பந்தயம் பார்த்தேன். அடுத்த இரண்டு நாள் ஸ்கீ-டூ என்ற பெயரில் விற்கப்படும் ஸ்னோமொபைல்களில் மூன்றை அவ்வட்டாரத்துப் பனிப்பாதைகளில் ஓட்டினேன். பந்தயத்தில் ஓடப்போகாத ஒருவர், பந்தயத்துக்கு நெருக்கமாகச் செய்யப்பட்ட வண்டியை வாங்குவது சரியா என்பதை அறிந்துகொள்வதே என் நோக்கம். வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் கண்டதை விரிவாகவே எழுதுகிறேன்.

வால்கூர் மாண்ட்ரீலுக்குக் கிழக்கே, காரில் சுமார் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஸ்கீ-டூ வண்டிகள் செய்யப்படும் ஊரும் இதுதான். அவற்றை உருவாக்கிய ஜோசப்-அர்மான் பொம்பார்டியர் பிறந்து தொழில் நடத்திய ஊரும் இதுதான். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயால் துடித்தபோது, சாலைகளைப் பனி மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லாமல் குழந்தை இறந்தது. பனியில் ஓடும் வண்டியைச் செய்ய ஏற்கெனவே முயன்றுகொண்டிருந்த அவர், 1937-இல் பற்சக்கரமும் ரப்பர் பட்டையும் கொண்ட இயக்க முறைக்குக் காப்புரிமை பெற்றார். பலர் ஏறிச் செல்லக்கூடிய பெரிய வண்டிகளே முதலில் வந்தன. ஒருவர் இருவர் ஓட்டும் சிறிய ஸ்கீ-டூ 1959-இல்தான் விற்பனைக்கு வந்தது. இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இன்று 180 குதிரைத்திறனோடு விற்கப்படும் வண்டியிலும், முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் ஒரு ரப்பர் பட்டை என்ற அடிப்படை அமைப்பு மாறவே இல்லை.

வால்கூர் கிராண்ட் பிரீ 1983 முதல் நடந்து வருகிறது. பந்தயக் களத்துக்கு இவோன் டுஹாமெல் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் ஸ்னோமொபைல் பந்தயத்திலும் ஒருங்கே புகழ்பெற்ற கியூபெக் வீரர் அவர். இங்கே இரண்டு வகைப் பந்தயங்களைப் பார்க்கலாம். ஒன்று, பனிக்கட்டியாக இறுகிய நீள்வட்டத் தடத்தில் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடுவது. மற்றொன்று, பனியைக் குவித்து மேடுபள்ளமாக அமைத்த தடத்தில் வண்டியோடு ஆகாயத்தில் பாய்ந்து இறங்கும் ஸ்னோகிராஸ்.

நீள்வட்டப் பந்தயத்தை நான் வளைவின் ஓரத்தில் நின்று பார்த்தேன். வண்டிகள் வருவதற்கு முன்னால் ஒலி வருகிறது. பிறகு வெள்ளைச் சுவர் போன்ற பனித்தூசி வருகிறது. முன்னால் ஓடுகிறவரை மட்டும் தெளிவாகப் பார்க்க முடியும். அவருக்குப் பின்னால் வருகிற ஐந்தாறு பேரும் அந்தத் தூசிக்குள்ளேதான் இருக்கிறார்கள். தமக்கு முன்னால் இருப்பவர் எங்கே திரும்புகிறார், எங்கே வேகத்தைக் குறைக்கிறார் என்பதை ஒலியைக் கொண்டும் பழக்கத்தைக் கொண்டுமே அவர்கள் கணிக்க வேண்டும். ஃபெராரி அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய ஜில் வில்னேவ் இந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்தான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஈகிள் ரிவர் என்ற ஊரில் 1964 முதல் நடக்கும் உலகச் சாம்பியன் பந்தயத்தை அவர் 1974-இல் வென்றார். அவருடைய தம்பி ஜாக் அதே பட்டத்தை 1980, 1982, 1986 என மூன்று முறை வென்றார். மழையில் ஜில் ஓட்டிய விதத்தை வியந்தவர்கள் ஏராளம். வால்கூர் வளைவில் கால் மணி நேரம் நின்ற எனக்கு, கண் தெரியாத நிலையிலும் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது விளங்கியது.

ஆனால் வண்டி வாங்குகிறவர் உற்றுப் பார்க்க வேண்டியது ஸ்னோகிராஸ்தான். நீள்வட்டப் பந்தய வண்டிகள் அந்தத் தடத்துக்கென்றே தாழ்வாகவும் ஒருபக்கச் சாய்வாகவும் கட்டப்படுபவை. அவற்றுக்கும் கடையில் விற்கும் வண்டிக்கும் உறவு குறைவு. ஸ்னோகிராஸ் வண்டிகளோ விற்பனை வண்டிகளின் நெருங்கிய உறவினர்கள். 1990-களின் பிற்பகுதியில் சஸ்காட்செவன் மாகாணத்தைச் சேர்ந்த பிளேர் மார்கன், மேடுபள்ளத் தடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் மோட்டோகிராஸ் வீரரைப் போல எழுந்து நின்று, உடலை முன்னால் கொண்டுவந்து ஓட்டத் தொடங்கினார். அதுவரை ஓட்டுநர்கள் பின்னால் சாய்ந்து, கால்களை முன்னால் நீட்டியே உட்கார்ந்திருந்தார்கள். 2003-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த ரெவ் என்ற ஸ்கீ-டூ வண்டி, ஓட்டுநரின் இடத்தையே முன்னால் நகர்த்தி அமைத்தது. பிற நிறுவனங்களும் அந்த வழியையே பின்பற்றின. இன்று எந்தக் கடையில் எந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும் முழங்கால் மடங்கி, பாதம் இடுப்புக்குக் கீழே நேராக நிற்கிறதல்லவா, அது பந்தயத்திலிருந்து வந்தது. குதிரைத்திறனைவிட இதையே பந்தயம் நமக்குத் தந்த பெரும்பரிசாக நான் மதிக்கிறேன். மேட்டில் ஏறும் முன் அரையடி எழுந்து நின்றால் போதும், முதுகெலும்பு தப்பிக்கும்.

முதலில் ஓட்டியது எம்எக்ஸ்இசட் எக்ஸ்-ஆர்எஸ். 850 ஈ-டெக் டர்போ ஆர் எந்திரம் பொருத்தியது. இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், டர்போ, 180 குதிரைத்திறன். நேரே பந்தயத் தடத்திலிருந்து இறங்கி வந்ததுபோல் அதன் தோற்றம் இருந்தது, சஸ்பென்ஷனும் அவ்வாறே. வண்டியைக் கிளப்பும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. இதில் ஷாட் என்ற அமைப்பு உண்டு. வழக்கமான கனத்த பேட்டரி கிடையாது. நாளின் முதல் முறை மட்டும் கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். எந்திரம் ஓடும்போது ஒரு மின்தேக்கி மின்னூட்டம் பெற்றுக்கொள்கிறது. அதன்பின் பொத்தானை அழுத்தினால் போதும். உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே இருந்த காலையில் கயிற்றை இரண்டாம் முறை இழுத்தபோதே எந்திரம் பிடித்துக்கொண்டது. எரிந்த டூ-ஸ்ட்ரோக் எண்ணெயின் மணம் குளிர்காற்றில் எழுந்தபோது, முந்தைய நாள் பந்தயக் களத்தில் நின்ற நினைவு அப்படியே திரும்பி வந்தது.

ஸ்னோமொபைலில் கியர் மாற்றும் வேலையே இல்லை. நம்மூர் ஸ்கூட்டிகளில் இருக்கும் அதே ஏற்பாடுதான் இதிலும்: எந்திரத்தோடு சேர்ந்து சுழலும் கப்பியில் உள்ள எடைக்கட்டிகள் வேகம் கூடக்கூட வெளியே விரிந்து தட்டுகளை நெருக்க, பெல்ட் மேலேறிப் பல்விகிதம் தானாகவே மாறுகிறது. வேகத்தைக் கூட்ட வலக்கைக் கட்டைவிரலால் ஒரு நெம்பை அழுத்த வேண்டும். எக்ஸ்-ஆர்எஸ்ஸில் அந்த நெம்பைப் பாதி அழுத்தியபோதே சறுக்குக் கட்டைகள் தரையைவிட்டு மேலெழ முயல்வதை ஹேண்டில்பார் வழியாக உணர முடிந்தது. உறைந்த ஏரி ஒன்றின் திறந்த வெளியில் முழுவதும் அழுத்தியபோது, சில நொடிகள் வண்டியின் மூக்குக்கு அப்பால் வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. இத்தனை ஆற்றல் இவ்வளவு சீராக வருவது உண்மையிலேயே பெரிய பொறியியல் சாதனை.

அந்த ஏரியை விட்டுக் காட்டுப்பாதைக்குள் நுழைந்ததும் நிலைமை மாறியது. கியூபெக்கின் ஸ்னோமொபைல் பாதைகளில் மணிக்கு 70 கி.மீ. என்பதே உச்ச வேகம். குடியிருப்புகளை ஒட்டிய இடங்களில் 30 கி.மீ. மட்டுமே. பாதையில் திருப்பங்கள் அடுத்தடுத்து வருகின்றன. எதிரே எப்போது ஒரு குழு வரும் என்று தெரியாது. முன்னால் செல்கிறவர் தமக்குப் பின்னால் எத்தனை வண்டிகள் வருகின்றன என்பதை எதிரே வருகிறவருக்கு விரல்களால் காட்டுவதும், கடைசியாக வருகிறவர் கையை மூடி முட்டியாகக் காட்டுவதும் இங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம். அப்படிப்பட்ட இடத்தில் 180 குதிரைத்திறனில் பெரும்பகுதி எந்திரத்துக்குள்ளேயே உறங்குகிறது. உறங்குவதோடு நின்றால் குறையில்லை. கட்டைவிரலைச் சிறிதளவு கூடுதலாக அழுத்தினாலும் வண்டி அடுத்த திருப்பத்துக்குத் தேவைக்கு மேற்பட்ட வேகத்தில் போய்ச் சேர்கிறது; எனவே மனம் முழுவதும் அந்த விரலை அடக்குவதிலேயே இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குப் பின் என் வலக்கை மணிக்கட்டு வரை களைத்துப்போனது.

சஸ்பென்ஷனையும் பற்றிச் சொல்ல வேண்டும். பனிப்பாதையை இரவில் ட்ராக்டர் போன்ற பெரிய இயந்திரம் சமன்செய்து வைக்கிறது. காலையில் ஓட்டினால் அது புதிதாக இஸ்திரி போட்ட துணிபோல இருக்கும். நூறு வண்டிகள் போன பிறகு, பிற்பகலில், அதே பாதை கடலலை உறைந்ததுபோல் வரிசையான மேடுகளாக மாறிவிடுகிறது. எக்ஸ்-ஆர்எஸ்ஸின் சஸ்பென்ஷன் பத்தடி உயரத்திலிருந்து விழும் வண்டியைத் தாங்குவதற்கு ஏற்றது. ஓட்டுநர் எழுந்து நின்று, வேகமாக, மேட்டின் உச்சிக்கு உச்சி தாவிச் சென்றால் அது அற்புதமாக வேலை செய்கிறது. உட்கார்ந்து 50 கி.மீ. வேகத்தில் போனால் ஒவ்வொரு மேடும் தனித்தனியாகத் தெரிகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எந்த வேலைக்குச் செய்யப்பட்டதோ அந்த வேலையை அது செய்கிறது. அந்த வேலை நம்முடையதா என்பதை வாங்குகிறவர் நேர்மையாகத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். 10.25 அங்குலத் தொடுதிரை தெளிவாக இருக்கிறது. தடித்த கையுறையோடு அதைத் தொட்டு இயக்குவதைக் காட்டிலும் ஹேண்டில்பார் பொத்தான்களைப் பயன்படுத்துவது எளிது.

மறுநாள் ஓட்டியது அதே எம்எக்ஸ்இசட் வரிசையின் அட்ரினலின், 600ஆர் ஈ-டெக் எந்திரம், 125 குதிரைத்திறன். இந்த வண்டியை ஒரு வாடகை நிலையத்தில் எடுத்தேன். புறப்பட்ட பத்தாம் நிமிடத்தில், நிழல் விழுந்து பனி இறுகியிருந்த ஒரு வலத் திருப்பத்தில், ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பியும் வண்டி நேராகவே சென்று ஓரத்துப் பனிக்குவியலில் மூக்கை நுழைத்து நின்றது. வேகம் குறைவாக இருந்ததால் எனக்கும் வண்டிக்கும் சேதமில்லை. இறங்கிச் சறுக்குக் கட்டையைத் தூக்கி அடியில் தடவிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. சறுக்குக் கட்டையின் அடியில் நீளவாக்கில் ஓர் எஃகுக் கம்பி ஓடும்; அதில் கார்பைடு என்ற மிகக் கடினமான உலோகத் துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். கத்திமுனைபோல் பனிக்கட்டியைக் கீறிப் பிடித்து வண்டியைத் திருப்புவது அவைதாம். என் வண்டியில் அந்த முனைகள் தேய்ந்து, விரலால் தடவினால் கூழாங்கல்லைப் போல உருண்டையாக இருந்தன. நிலையத்துக்குத் திரும்பியபோது ஊழியர் மறுப்பேதும் சொல்லாமல் இருபது நிமிடத்தில் புதிய கார்பைடு மாற்றிக் கொடுத்தார். ஆனாலும் வாடிக்கையாளரின் கையில் ஒப்படைக்கும் முன்பே பார்த்திருக்க வேண்டிய ஒன்று அது. முதல் முறை ஓட்டுகிறவர் அதே திருப்பத்தில் சற்று வேகமாக வந்திருந்தால் மரத்தில் மோதியிருக்க வாய்ப்புண்டு. வாடகைக்கு எடுப்பவர்கள், பழைய வண்டியை விலைக்கு வாங்குபவர்கள் அனைவரும் எந்திரத்தின் ஒலியைக் கேட்பதற்கு முன் குனிந்து இதைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கார்பைடு மாற்றிய பின் அதே திருப்பத்துக்குப் போனேன். அதே வண்டி, அதே வேகம்; இம்முறை நினைத்த கோட்டில் திரும்பியது. அங்கிருந்து மாலை வரை ஓட்டிய நான்கு மணி நேரமும் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி. 600ஆர் எந்திரம் 850-ஐவிட எடை குறைந்தது. அந்த வேறுபாடு வண்டியின் மூக்கில் தெரிகிறது. திருப்பத்துக்குள் நுழையும்போது உடலைச் சற்றே உள்பக்கம் சாய்த்தால் வண்டி உடனே கேட்கிறது. வெளியேறும்போது நெம்பை முழுவதும் அழுத்தலாம். அழுத்தியும் அடுத்த திருப்பத்துக்கு முன் நிதானிக்க நேரம் இருக்கிறது. ஒரு வண்டியின் முழு ஆற்றலையும் அச்சமின்றிப் பயன்படுத்த முடிவதில் ஒரு நிறைவு இருக்கிறது. முந்தைய நாள் இருமடங்கு கவனத்தோடு ஓட்டியும் அது எனக்குக் கிடைக்கவில்லை. 137 அங்குல நீளமுள்ள ரப்பர் பட்டை, பிற்பகலின் மேடுகளில் இரண்டுக்கு மேல் ஒரே நேரத்தில் படிந்து, இடைப்பட்ட பள்ளத்தில் விழாமல் கடந்தது. 129 அங்குலப் பட்டை திருப்பங்களில் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் நாள் முழுதும் ஓட்டுகிறவருக்கு நீளமானதையே பரிந்துரைப்பேன்.

இந்த இரு வண்டிகளுக்கும் பொதுவான ஒன்றைப் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஸ்னோமொபைலுக்குக் காரில் இருப்பதுபோல் முன்னால் ரேடியேட்டர் கிடையாது. எந்திரத்தின் சூட்டை ஏந்திவரும் நீர்மம் இருக்கைக்கு அடியில் உள்ள அலுமினியக் கூட்டின் வழியாக ஓடுகிறது. சுழலும் பட்டை வாரி இறைக்கும் பனி அதில் மோதிக் குளிரவைக்கிறது. பட்டையைத் தாங்கும் பிளாஸ்டிக் சறுக்குச் சட்டங்களுக்கும் அந்தப் பனியே மசகு. தூள்பனி இல்லாத வெறும் பனிக்கட்டியில் தொடர்ந்து ஓடினால் எந்திரமும் சூடேறும், சட்டங்களும் உருகும். அதற்காகவே பனிக்கட்டியைச் சுரண்டித் தூளாக்கிப் பட்டைக்குள் எறியும் கம்பிகள் இருபுறமும் உண்டு. இறுகிய பாதையில் அவற்றை இறக்கிவிட மறக்கக்கூடாது. பின்னோக்கி நகர்த்தும்போது வளைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்காலம் ஆண்டுக்கு ஆண்டு நிலையற்றதாகி வரும் தென்கியூபெக்கில், வெப்பநிலை ஏறி மறுபடி உறையும் நாள்களில் இதன் தேவை கூடிக்கொண்டே போகிறது.

மூன்றாவது, கிராண்ட் டூரிங் எலக்ட்ரிக் என்ற மின்சார வண்டி. வழிகாட்டியோடு செல்லும் ஒரு மணி நேரச் சுற்றுலாவில் ஓட்டினேன். பந்தயத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் இதைச் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற இரு வண்டிகளிலும் கேட்க முடியாத ஒன்றை இதில் கேட்டேன். ஓர் ஓடையின் மேலிருந்த மரப்பாலத்தைக் கடக்கும்போது பனிக்கு அடியில் நீர் ஓடும் ஓசை ஹெல்மெட்டுக்குள் கேட்டது. வழிகாட்டி திரும்பிப் பார்த்துப் பேசியதும் கேட்டது. நெம்பை அழுத்தியவுடன் தயக்கமின்றி இழுக்கிறது. மெதுவாகச் செல்லும்போது குலுக்கமே இல்லை. ஒரு முறை மின்னேற்றினால் 50 கி.மீ. வரை ஓடும் என்று நிறுவனமே சொல்கிறது. சுற்றுலா நடத்துபவர்களுக்கும், பனிச்சறுக்கு மையங்களின் பணியாளர்களுக்கும் அது போதும். ஒரு நாளில் 150, 200 கி.மீ. சென்று வேறோர் ஊரில் இரவு தங்க விரும்புகிறவருக்கு இன்று இது ஏற்றதன்று. தூரம் மட்டும் இரட்டிப்பானால் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

விலையையும் வாங்கும் காலத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டர்போ எந்திரத்தோடு எக்ஸ்-ஆர்எஸ் கனடிய டாலரில் இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். 600ஆர் வண்டி அதைவிடப் பல ஆயிரம் குறைவு. இதற்கு மேல் காப்பீடு, பாதை அனுமதி, ஹெல்மெட், காலணி, உடை, வண்டியை ஏற்றிச் செல்லும் ட்ரெய்லர் ஆகியவற்றின் செலவும் உண்டு. நிறுவனங்கள் அடுத்த குளிர்காலத்துக்கான மாதிரிகளைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே அறிவித்துவிடுகின்றன. முன்பணம் கட்டி வசந்தத்தில் பதிவு செய்தால் இலையுதிர் காலத்தில் வண்டி வரும். சில மாதிரிகளும் விருப்பத் தேர்வுகளும் அந்தப் பதிவுக் காலத்தில் மட்டுமே கிடைக்கும் என்பதால், பந்தயத்தின் பரபரப்பு அடங்குவதற்குள் முடிவெடுக்கும் நெருக்கடி வாங்குகிறவருக்கு ஏற்படுகிறது. களத்திலிருந்து நேரே கடைக்குப் போகாமல், குறைந்தது ஒரு பகல் முழுவதும், அதிலும் பாதை குலைந்துபோன பிற்பகலில், வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.

ஸ்னோகிராஸ் பழகுகிறவருக்கும், பரந்த ஏரிகள் நிறைந்த வடபகுதியில் வசிப்பவருக்கும், பல ஆண்டு அனுபவத்தோடு நின்றுகொண்டே ஓட்டும் பழக்கம் உள்ளவருக்கும் எக்ஸ்-ஆர்எஸ் தகும். அவர்களுக்கு இதைவிட நல்ல வண்டியை நான் ஓட்டியதில்லை. என் குளிர்காலம் காட்டுப்பாதைகளில் கழிவது. ஆகவே 600ஆர் எந்திரமும் 137 அங்குலப் பட்டையும் கொண்ட அட்ரினலினைப் பதிவு செய்திருக்கிறேன். மிச்சமான பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, உதிரியாக இரண்டு இணை கார்பைடு கம்பிகளையும் ஒரு பெல்ட்டையும் சேர்த்தே வாங்கி வைத்துவிட்டேன்.